குதிரையை ஒரே ஒரு பந்தயத்துக்கு ஏலம் எடுப்பது: ‘கல்கத்தா’வின் கதை

வந்த கேள்வி இது: “அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி அங்கே ஒரு கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர். போட்டிக்கு முந்தின ராத்திரி ‘கல்கத்தா’ என்று ஒன்று நடத்துகிறார்களாம். விளையாடப் போகிறவர்களை ஒவ்வொருவராக ஏலம் விடுகிறார்களாம். நம் ஊர்ப் பெயர் அங்கே எப்படிப் போனது? பந்தயத்தில் ஏலம் என்பது எங்கே தொடங்கியது? தம்பி அதில் கலந்துகொள்ளலாமா?”

குதிரைப் பந்தயத்தின் வரலாற்றைப் பல வருடங்களாக விரும்பிப் படித்து வருகிறேன். இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்றுகூட நினைத்ததுண்டு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கலாம். ஒரு பந்தயத்தில் பத்துக் குதிரைகள் ஓடுகின்றன என்று வையுங்கள். முந்தின இரவு எல்லோரும் கூடி உட்காருகிறார்கள். ஒருவர் எழுந்து நின்று முதல் குதிரையின் பெயரைச் சொல்லி ஏலம் போடுகிறார். அதிகமாகக் கேட்டவருக்கு அந்தக் குதிரை. அவர் கொடுத்த பணம் பொதுப் பானைக்குப் போகிறது. இப்படியே பத்துக் குதிரைகளும் ஏலம் போய்விடும். மறுநாள் எந்தக் குதிரை ஜெயிக்கிறதோ அதை எடுத்தவருக்குப் பானையின் பெரும்பங்கு. இரண்டாவது, மூன்றாவது வந்தவற்றை எடுத்தவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கும். நடத்துகிற கிளப் கொஞ்சம் கமிஷன் எடுத்துக்கொள்ளும். குதிரை உண்மையில் வேறொருவருடையது. ஏலம் எடுத்தவர் அந்த ஒரே ஒரு பந்தயத்துக்கு மட்டும், அதுவும் பரிசுப் பணத்தைப் பொறுத்தவரை மட்டும், அதன் ‘சொந்தக்காரர்’.

ஏலச்சீட்டு போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். அங்கேயும் பணம் முழுவதும் உறுப்பினர்களுடையதுதான். யாருக்கு எவ்வளவு என்பதை அவர்கள் ஏலத்தில் கேட்கிற தொகைதான் தீர்மானிக்கிறது. நடத்துபவருக்குக் கமிஷன் மட்டும். சீட்டில் யார் எடுத்தாலும் மற்றவர்களின் பணம் கடைசியில் திரும்பி வரும், இங்கே வராது. அந்த ஒன்றை மாற்றிப் போட்டுக்கொண்டால் படம் கிடைத்துவிடும்.

இதில் புக்கியே கிடையாது என்பதைக் கவனியுங்கள். புக்கி என்பவர் ‘இந்தக் குதிரைக்கு ஒன்றுக்கு நாலு தருகிறேன்’ என்று தன் கையிலிருந்து விலை சொல்கிறவர். கணக்குத் தப்பினால் நஷ்டம் அவருடையது. ஏலத்தில் விலை சொல்வது பந்தயம் கட்டுகிறவர்களே. பானையில் விழுந்த பணத்துக்கு மேல் யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. அதனால் நடத்துகிறவருக்கு ஆபத்தே இல்லை. இந்த ஒரு காரணத்தால்தான் இது உலகம் முழுக்கப் பரவியது என்பது என் எண்ணம்.

சரி, பெயருக்கு வருவோம்.

‘ஏலம்’ என்ற சொல்லே கடல் தாண்டி வந்தது. போர்ச்சுகீசிய மொழியில் ஏலத்துக்கு ‘லெய்லாவ்’ என்று பெயர். இந்தியிலுள்ள ‘நீலாம்’ அதிலிருந்து வந்தது, நம்முடைய ‘ஏலம்’ அதன் உறவு. அந்தப் போர்ச்சுகீசியச் சொல்லுக்கும் மூலம் அரபு மொழியில் ‘அறிவிப்பு’ என்று பொருள்படும் சொல் என்பார்கள். இந்தியாவில் இருந்த ஐரோப்பியர்களிடையே ஏலம் அன்றாட விஷயம். ஒரு ஐரோப்பியர் இங்கே இறந்துபோனால், அவருடைய நாற்காலி, துணிமணி, குதிரை எல்லாவற்றையும் உடனடியாக ஏலம் போட்டுப் பணமாக்கி ஊருக்கு அனுப்பிவிடுவது பழைய வழக்கம். கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயருக்கு ஏலக் கூட்டம் புதிதல்ல.

பந்தயமும் அங்கே ரொம்பப் பழசு. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள ஆக்ராவில் 1769-இலேயே குதிரைப் பந்தயம் நடந்திருக்கிறது. (தாஜ்மகால் இருக்கும் ஆக்ரா இல்லை, ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் வேறு ஊர்.) பின்னால் பந்தயத் திடல் நகரத்துக்குள் மைதானத்துக்கு வந்தது. 1847-இல் கல்கத்தா டர்ஃப் கிளப் தொடங்கியது. அதுதான் 1912-இல் அரச அங்கீகாரம் பெற்று ராயல் கல்கத்தா டர்ஃப் கிளப் ஆனது.

அன்றைய ஆங்கிலேயர்களின் கிளப்புகளில் பந்தயத்துக்கு முந்தின இரவு ‘லாட்டரி’ நடக்கும். இன்றைக்கு நாம் அந்தச் சொல்லுக்குக் கொள்ளும் பொருள் வேறு, அவர்களுடையது இரண்டு கட்டமாக நடப்பது. முதலில் சீட்டு விற்பார்கள். பிறகு குலுக்கல். யாருக்கு எந்தக் குதிரை என்பது குலுக்கலில் விழும். அதோடு முடிந்தால் அது வெறும் அதிர்ஷ்டம். ஆனால் அடுத்து அந்தக் குதிரைகளை ஒவ்வொன்றாக ஏலத்துக்குக் கொண்டுவருவார்கள். நல்ல குதிரை விழுந்தவர் தன் வாய்ப்பை நல்ல விலைக்கு விற்று அன்றைக்கே லாபம் பார்க்கலாம், அல்லது தானே கேட்டு முழுதாக வைத்துக்கொள்ளலாம். குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்குக் குலுக்கல், தெரிந்தவருக்கு ஏலம். ஒரே மேசையில் இரண்டு பேருக்கும் இடம் கொடுத்த ஏற்பாடு இது. இந்த முறை கல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்பட்டுப் பேசப்பட்டு, ‘கல்கத்தா ஸ்வீப்’ (ஸ்வீப் என்றால் சீட்டு விற்ற பணத்தையே பரிசாகப் பிரித்துக்கொடுக்கும் பந்தயம்), ‘கல்கத்தா பூல்’ (பூல் என்றால் பொதுப் பானை), கடைசியில் வெறும் ‘கல்கத்தா’ என்று ஆகிவிட்டது. குலுக்கல் கட்டம் பல இடங்களில் உதிர்ந்துபோய் ஏலம் மட்டும் நின்றுவிட்டது. உங்கள் தம்பி பார்ப்பது அதைத்தான்.

இதே பெயருடைய இன்னொன்றோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தின் எப்சம் டெர்பி பந்தயத்தை வைத்துக் கல்கத்தா டர்ஃப் கிளப் நடத்திய ‘டெர்பி ஸ்வீப்’ உலகப் புகழ் பெற்றது. 1930-களில் உலகத்திலேயே பெரிய ஸ்வீப்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். அது பெரும்பாலும் சீட்டுக் குலுக்கல்தான். ஆனால் இந்த வகை ஸ்வீப்களிலும் ஏல மனப்பான்மை பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டது. 1930-இல் தொடங்கிய அயர்லாந்து மருத்துவமனை ஸ்வீப்பில், பெரிய குதிரை விழுந்த சாதாரண மனிதரின் வீட்டுக் கதவைத் தரகர்கள் வந்து தட்டுவார்கள். ‘உன் சீட்டில் பாதியை எனக்குக் கொடு, இப்போதே இவ்வளவு தருகிறேன்’ என்று பேரம் நடக்கும். பந்தயம் ஓடுவதற்கு முன்பே கையில் நிச்சயமான பணம். பலர் விற்றார்கள். குலுக்கலில் கிடைத்ததை விலைபேசி மாற்றிக்கொள்ளும் அந்தப் பழைய கிளப் வழக்கம் கோடிக்கணக்கில் வளர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அது சாட்சி.

இப்போது அமெரிக்கா. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஏனென்றால் கிளப் உறுப்பினர்களின் பொழுதுபோக்காக இருந்த ஏலம் அங்கேதான் ஒரு தொழிலாக, ஒரு நாட்டின் முக்கியமான பந்தய முறையாக ஆனது. 1860-கள், 70-களில் அமெரிக்கக் குதிரைப் பந்தயங்களில் கோலோச்சியது ‘ஏலப் பூல்’. அதற்கென்றே பூல் விற்பவர்கள் இருந்தார்கள். ரேஸ் கோர்ஸிலும் விற்றார்கள், முந்தின இரவு நகரத்து ஹோட்டல்களிலும் விற்றார்கள்.

கல்கத்தாவிலிருந்து ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே ஒரு பந்தயத்துக்கு ஒரே பானை. அமெரிக்காவில் ஒரே பந்தயத்துக்குச் சின்னச் சின்னப் பானைகள், ஒன்று முடிந்தால் அடுத்தது. விற்பவர் மேடையில் ஏறி, ‘முதல் தேர்வுக்கு யார் எவ்வளவு?’ என்று ஆரம்பிப்பார். எந்தக் குதிரையை வேண்டுமானாலும் கேட்பவர் தேர்ந்துகொள்ளலாம். இயல்பாகவே எல்லோரும் விரும்புகிற குதிரை முதலில் போகும். 100 டாலருக்குப் போனது என்று வையுங்கள். அடுத்தது 60 டாலர். மிச்சமிருக்கும் குதிரைகளை எல்லாம் சேர்த்து ‘ஃபீல்டு’ என்று ஒரே கட்டாக விற்பார்கள், அது 40 டாலர். மொத்தம் 200. விற்பவர் 5 சதவீதம் எடுத்தால் மீதி 190. ஜெயித்தவருக்கு அந்த 190-உம். உடனே அடுத்த பானை தொடங்கும். அதில் முதல் குதிரை 110-க்குப் போகலாம், 90-க்கும் போகலாம். இரவு முழுவதும் இப்படி ஓடும்.

இந்த எண்களைச் சற்றே உற்றுப் பாருங்கள். 100, 60, 40 என்றால் அந்தக் கூட்டம் முதல் குதிரைக்குப் பாதி வாய்ப்பும், இரண்டாவதுக்கு முப்பது சதவீதமும், மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து இருபது சதவீதமும் கொடுக்கிறது என்று அர்த்தம். யாரும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. ஆளாளுக்குக் கூவிய சத்தத்தில் அந்தக் கணக்கு தானாக வந்துவிட்டது. மறுநாள் பத்திரிகைகள் இந்தப் பூல் விலைகளை அச்சிட்டன. பந்தயத்துக்கு வர முடியாதவர்களும் எந்தக் குதிரைக்கு எவ்வளவு மதிப்பு என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

1875 மே 17 அன்று லூயிவில் நகரில் முதல் கென்டக்கி டெர்பி ஓடியபோதும் ஏலப் பூல்தான். மெக்ராத் என்ற குதிரை உரிமையாளர் இரண்டு குதிரைகளை இறக்கியிருந்தார். ஒன்று செசபீக், அதன் மேல்தான் எல்லோருக்கும் நம்பிக்கை. இன்னொன்று அரிஸ்டைடிஸ் என்ற சின்னச் செங்குதிரை. அது முன்னால் வேகமாக ஓடி மற்றவற்றைக் களைப்பாக்க வேண்டும், கடைசியில் செசபீக் வந்து தட்டிப் பறிக்க வேண்டும் என்பது திட்டம். செசபீக் வரவே இல்லை. ஆலிவர் லூயிஸ் என்ற ஜாக்கி ஓட்டிய அரிஸ்டைடிஸ் கடைசி வரை முன்னாலேயே ஓடி ஜெயித்துவிட்டது. ஒரே உரிமையாளரின் குதிரைகளைச் சேர்த்து ஒரே இணையாக விற்பது வழக்கம் என்பதால், செசபீக்கை நம்பிக் கேட்டவர்களும் பிழைத்தார்கள். அன்று ஓடிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர், லூயிஸும் அவர்களில் ஒருவர். இதைச் சொல்லாமல் அந்த நாளைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது, ஏனென்றால் பின்னால் அந்த ஓட்டிகள் பந்தயத் திடல்களிலிருந்து ஒட்டுமொத்தமாக ஒதுக்கப்பட்டார்கள்.

‘பூல்’ என்ற சொல்லும் ஒரு கதை வைத்திருக்கிறது. பிரெஞ்சில் ‘பூல்’ என்றால் பெட்டைக்கோழி. ஆட்டத்தில் எல்லோரும் போடுகிற பொதுப் பணத்துக்கும் அதே பெயர் வந்தது, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பூல் விற்கிற இடம் ‘பூல் ரூம்’. தந்தி வந்த பிறகு, திடலுக்குப் போகாமலே நகரத்து பூல் ரூமில் உட்கார்ந்து தூரத்துப் பந்தயத்துக்குப் பணம் கட்ட முடிந்தது. ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஆட்கள் சும்மா இருக்கக் கூடாது என்று அங்கே பில்லியர்ட்ஸ் மேசைகளைப் போட்டார்கள். அப்படித்தான் குழியில் பந்து தள்ளும் அந்த விளையாட்டுக்கே ‘பூல்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு நம் ஊரில் பூல் விளையாடுகிறவர்கள் வாயிலும் பழைய ஏலப் பந்தயத்தின் ஒரு துணுக்கு இருக்கிறது.

ஏலம் குதிரையோடு நிற்கவில்லை. படகுப் பந்தயம், பேஸ்பால், ஏன், தேர்தலுக்கும் வந்துவிட்டது. 1876 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹேய்ஸா டில்டனா என்று நியூயார்க்கில் பெரும் பணம் பூலில் விழுந்தது. பணத்தைக் கையில் வைத்திருந்த முக்கியமானவர் ஜான் மாரிசி. முன்னாள் குத்துச்சண்டை வீரர், நாடாளுமன்றத்தில் இருந்தவர், 1863-இல் சரடோகா பந்தயங்களைத் தொடங்கிவைத்தவர். தேர்தல் முடிவு மாதக்கணக்கில் இழுபறியானது. மாரிசி பூல்களை ரத்து செய்து, தன் கமிஷனைக் கழித்துக்கொண்டு கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பணம் கட்டியவர்கள் கொதித்தார்கள். 1877-இல் நியூயார்க் மாநிலம் பூல் விற்பனையையே தடை செய்தது. அந்த இடத்தைப் புக்கிகள் பிடித்துக்கொண்டார்கள். பானையில் உள்ள பணத்தை மட்டும் பிரித்துக்கொடுத்த முறை போய், எதிரே நின்று விலை சொல்கிறவரின் முறை வந்தது.

தடை வராமல் இருந்திருந்தாலும் ஏலப் பூல் நிலைத்திருக்குமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். அதன் உள்ளேயே ஒரு குறை இருந்தது. நல்ல குதிரை ஒன்றுதான். ஒரு பானையில் அதை ஒருவர்தான் எடுக்க முடியும். கூட்டத்தில் எவனிடம் பணம் அதிகமோ அவன் எடுப்பான். இரண்டு டாலர் வைத்திருக்கிற தொழிலாளிக்குத் தனக்குப் பிடித்த குதிரையின் மேல் கட்ட வழியே கிடையாது, ஃபீல்டில் மிச்சம் கிடந்தால்கூடச் சிலரோடு கூட்டுச் சேர வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பாரிஸில் இருந்த ஜோசப் ஒல்லேர். 1839-இல் கத்தலோனியாவில் பிறந்தவர். மாணவராக ஸ்பெயினில் இருந்தபோது சேவல் சண்டையில் பித்துப் பிடித்துப் பந்தயத்துக்குள் வந்தவர். முதலில் அவரும் ‘பூல்’ என்கிற சீட்டு வகைப் பந்தயங்களைத்தான் பாரிஸில் விற்றார். 1867 வாக்கில் அவருக்கு ஒரு யோசனை வந்தது: குதிரையை ஒருவருக்கு மொத்தமாக விற்பதற்குப் பதிலாக, ஒரே விலையில் சின்னச் சின்ன டிக்கெட்டுகளாக எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் விற்றால் என்ன? எல்லாப் பணமும் ஒரே பானையில். ஜெயித்த குதிரையின் டிக்கெட் வைத்திருக்கிறவர்கள் பானையைச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இதுதான் ‘பாரி முச்சுவெல்’, நாம் ‘டோட்’ என்கிறோமே அதன் மூலம்.

எவ்வளவு எளிமையான மாற்றம், எவ்வளவு பெரிய விளைவு! ஏலத்தில் ஒருவன் 100 டாலர் கேட்டு வாங்கிய அதே இடத்தை இங்கே ஐம்பது பேர் ஆளுக்கு இரண்டு டாலர் போட்டு நிரப்புகிறார்கள். எந்தக் குதிரைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இங்கேயும் கூட்டமே முடிவு செய்கிறது. நடத்துகிறவருக்கு இங்கேயும் ஆபத்து இல்லை. ஏலத்தின் இரண்டு நல்ல குணங்களையும் வைத்துக்கொண்டு அதன் கதவை மட்டும் அகலமாகத் திறந்துவிட்டார் ஒல்லேர். பிரெஞ்சு அரசுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. 1874-இல் சட்டவிரோதச் சூதாட்டம் என்று அவருக்குச் சிறைத் தண்டனைகூடக் கிடைத்தது. 1891-இல் அதே முறையை அரசே சட்டமாக்கியது. இடையில் அவர் கேளிக்கைத் தொழிலுக்குப் போய் 1889-இல் கூட்டாளியோடு சேர்ந்து மூலான் ரூஷ் அரங்கத்தைத் திறந்துவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், ஆயிரக்கணக்கான சின்ன டிக்கெட்டுகளைக் கையால் கூட்டிக் கணக்குப் போடுவது பெரும்பாடு. அதற்கு விடை ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்த பொறியாளர் ஜார்ஜ் ஜூலியஸிடமிருந்து வந்தது. தேர்தலில் ஓட்டு எண்ணுவதற்காக அவர் செய்த இயந்திரத்தை அரசு வேண்டாம் என்றுவிட்டது. அதையே டிக்கெட் எண்ணுவதற்காக மாற்றினார். 1913-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் எல்லர்ஸ்லி திடலில் அது ஓடத் தொடங்கியது. பியானோ கம்பிகளும் கப்பிகளும் இரும்புப் பெட்டிகளுமாக ஒரு பெரிய சிக்கல் மாதிரி இருக்குமாம். ஆனால் முப்பது கவுண்டர்களில் விற்கிற டிக்கெட்டை ஒரே நேரத்தில் கூட்டியது. ஜூலியஸின் அப்பா ஆங்கிலிக்கன் பேராயர். பிள்ளை ஓட்டுக்காக யோசித்த இயந்திரம் உலகத்துப் பந்தயத் திடல்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

1908-இல் லூயிவில் நகரம் புக்கிகளைத் தடை செய்தபோது, கென்டக்கி டெர்பியைக் காப்பாற்றியதும் இந்த முறைதான். மூலையில் கிடந்த பழைய பிரெஞ்சு இயந்திரங்களைத் தேடி எடுத்து வந்தார்கள். அந்த வருடம் ஜெயித்த ஸ்டோன் ஸ்ட்ரீட் குதிரை மேல் 5 டாலர் கட்டியவருக்கு 123 டாலர் 60 சென்ட் கிடைத்தது. அதன் பிறகு அங்கே ஏலப் பூலைப் பற்றிப் பேச ஆளில்லை.

சென்னை கிண்டியில் டோட் டிக்கெட் வாங்கியவர்கள் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நின்றவர்கள்தான். தமிழ்நாட்டில் 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்ததும், 1996-இல் உச்ச நீதிமன்றம் அது வெறும் அதிர்ஷ்டமல்ல, திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

அப்புறம், ஏலம் எங்கே போனது? பெரிய திடல்களை விட்டுவிட்டு, அது பிறந்த இடத்துக்கே திரும்பிவிட்டது: ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் கூடும் கிளப்புக்கு. ஆஸ்திரேலியாவில் நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை ஓடும் மெல்போர்ன் கோப்பைக்கு ஊர்ப்புற ஹோட்டல்களிலும் கிளப்புகளிலும் ‘கல்கத்தா’ நடத்துவது பழக்கம். அங்கே பழைய இரண்டு கட்ட முறை, குலுக்கலும் ஏலமும், இன்னும் உயிரோடு இருக்கிறது. அமெரிக்காவில் அது கோல்ஃபைப் பிடித்துக்கொண்டது. புகழ்பெற்ற அகஸ்டா மாஸ்டர்ஸ் போட்டியிலேயே ஆரம்ப வருடங்களில் கல்கத்தா நடந்தது. லாஸ் வேகாஸின் டெசர்ட் இன் ஹோட்டலில் 1953-இல் தொடங்கிய சாம்பியன்கள் போட்டியிலும் அதுதான் பெரிய கவர்ச்சி. முதல் வருடம் ஜெயித்த அல் பெசலிங்குக்குப் பரிசு 10,000 வெள்ளி டாலர், நாணயங்களாகவே. அவர் அதில் பாதியைப் புற்றுநோய் நிதிக்குக் கொடுத்துவிட்டார். அடுத்து 1955, 56, 57 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்தவர் ஜீன் லிட்லர். அவரை நம்பி ஏலத்தில் எடுத்துப் பணம் பார்த்தவர் ஃபிராங்கி லேய்ன் என்ற பாடகர்.

ஆனால் குதிரையை ஏலம் எடுப்பதற்கும் மனிதனை ஏலம் எடுப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. தன்னை யார், எவ்வளவுக்கு எடுத்தார்கள் என்று குதிரைக்குத் தெரியாது. மனிதனுக்குத் தெரியும். இந்த ஒன்றிலிருந்துதான் எல்லாக் கோளாறும் கிளம்பியது.

பேஸ்பாலில் இது சீக்கிரமே வெடித்தது. 1876-இல் தேசிய லீக் தொடங்கியபோதே திடலுக்குள் பூல் விற்கக் கூடாது என்று விதி வைத்தார்கள். மறு வருடமே லூயிவில் கிரேஸ் அணியின் நான்கு வீரர்கள் சிக்கினார்கள். கோப்பையை நெருங்கிக்கொண்டிருந்த அணி திடீரென்று தோற்கத் தொடங்கியது. தந்திகளைத் தோண்டினால், பூல் பணத்துக்காக ஆட்டத்தைத் தோற்க ஏற்பாடு செய்தது தெரிந்தது. ‘சாஷ்’ என்ற ஒரு சொல் தந்தியில் வந்தால் ஆட்டம் விலைபோய்விட்டது என்று குறிப்பாம். நால்வருக்கும் வாழ்நாள் தடை.

கோல்ஃபில் நடந்தது இன்னும் நுணுக்கம். கோல்ஃபில் திறமை குறைந்தவருக்குச் சலுகை உண்டு, ‘ஹேண்டிகேப்’ என்பார்கள். எண் பெரிதாக இருந்தால் சலுகையும் பெரிது. 1955-இல் நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டின் டீப்டேல் கிளப்பில் ஒரு கல்கத்தா. பானை சுமார் 45,000 டாலர். வெளியூரிலிருந்து வந்த ஒரு ஜோடி 17, 18 என்று ஹேண்டிகேப் காட்டியது. உண்மையில் அவர்கள் மூன்றுக்குப் பக்கத்தில் இருக்கும் கைதேர்ந்த ஆட்டக்காரர்கள். சாதாரண ஆட்டக்காரர்கள் என்று நினைத்து மற்றவர்கள் ஏலத்தில் விட்டுவிட, விஷயம் தெரிந்தவர்கள் எடுத்தார்கள். ஜோடி எளிதாக ஜெயித்தது, சுமார் 16,000 டாலர் கைமாறியது. செய்தி வெளியே வந்ததும் நாடே பேசியது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் கல்கத்தாக்களைக் கண்டித்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் அதன் நிலை ஒன்றுதான்: நண்பர்களுக்குள் சின்னதாகப் பந்தயம் கட்டினால் சரி, பெரும் பணம் புரளக்கூடிய கல்கத்தாவும் ஏல ஸ்வீப்பும் ஏற்புடையவை அல்ல.

இதற்கு மருந்தாகப் பல கிளப்புகள் ஒரு விதி வைத்திருக்கின்றன, எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஏலம் போன ஆட்டக்காரர், தன்னை எடுத்தவரிடமிருந்து பாதியை அதே விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். 400 டாலருக்குப் போனவர் 200 கொடுத்தால், ஜெயிக்கிற பணத்தில் பாதி அவருக்கு. ஆட்டக்காரருக்கும் தான் ஜெயிப்பதில் அக்கறை இருக்கும். ஆனால் ஹேண்டிகேப்பைப் பொய்யாகக் காட்டுகிறவனை இந்த விதி தடுக்காது, அவனுக்கு அது இன்னும் லாபம். அதற்கு ஆட்டத்துக்கு முன்பே அட்டைகளைச் சரிபார்க்கிற ஒழுங்கான கமிட்டி வேண்டும்.

இனி தம்பி விஷயம். சட்டத்தைப் பொறுத்தவரை அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மான்டானா, வடக்கு டகோட்டா, வயோமிங் போன்ற சில மாநிலங்களின் சட்டத்தில் ‘கல்கத்தா’ என்ற பெயரே இருக்கிறது, நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. வேறு பல மாநிலங்களில் அது சூதாட்டச் சட்டத்துக்குள் வந்துவிடும். கிளப்பில் வருடாவருடம் நடக்கிறது என்பதால் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. தம்பி முதலில் தன் மாநிலத்தின் நிலையைப் பார்க்கட்டும்.

அடுத்தது கணக்கு. இதில்தான் புத்திசாலிகளும் வழுக்குகிறார்கள். நம் பணத்திலேயே வைத்துக்கொள்வோம். மொத்தப் பானை 3 லட்சம் ரூபாய், கிளப் பத்து சதவீதம் எடுத்தால் மீதி 2,70,000. முதலுக்கு 60, இரண்டாவதுக்கு 25, மூன்றாவதுக்கு 15 சதவீதம். ஒரு ஆட்டக்காரர் முதலாவது வர 20 சதவீதம், இரண்டாவது வர 15, மூன்றாவது வர 10 சதவீதம் வாய்ப்பு என்று நீங்கள் கணிக்கிறீர்கள். அப்படியானால் அவருடைய மதிப்பு 32,400 கூட்டல் 10,125 கூட்டல் 4,050, ஆக 46,575 ரூபாய். அதற்குக் கீழே கிடைத்தால் வாங்கலாம்.

ஆனால் ஏலம் நடக்கும்போது பானை எவ்வளவு ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அது 4 லட்சமாகிவிட்டால் அதே ஆட்டக்காரரின் மதிப்பு 62,100. ஆரம்பத்தில் கூட்டம் தயங்கும், பானை சின்னதாக இருக்கும் என்று நினைத்துக் குறைவாகக் கேட்கும். இரவு ஏற ஏறச் சூடு பிடிக்கும், கடைசியில் வருகிறவர்கள் மதிப்புக்கு மேலே போவார்கள். அதனால் முதலில் வருகிற சில பேர்களை மலிவாக எடுக்க வாய்ப்பு அதிகம். போன வருடப் பானை எவ்வளவு என்று தெரிந்துவைத்திருப்பது, ஆட்டக்காரர்களைத் தெரிந்துவைத்திருப்பதற்குச் சமம்.

ஏலத்துக்கே உரிய ஒரு ஆபத்தும் உண்டு. பொருளாதாரக்காரர்கள் அதை ‘ஜெயித்தவரின் சாபம்’ என்பார்கள். 1971-இல் ஒரு எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்த மூன்று பொறியாளர்கள் இதை எழுதினார்கள். கடலுக்கடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று ஆளாளுக்கு ஒரு மதிப்பீடு வைத்திருப்பார்கள். ஏலத்தில் ஜெயிப்பது யார்? எல்லோரையும் விட அதிகமாக மதிப்பிட்டவர், அதாவது பெரும்பாலும் தப்பாக மதிப்பிட்டவர். மூன்றாவது தரம் சொல்லிச் சுத்தியல் விழும்போது, அந்த அறையில் இருந்த மற்ற எல்லோரும் இந்த விலை அதிகம் என்று சொல்லிவிட்டார்கள் என்றுதான் பொருள். அதனால் தன் கணக்குக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுகொள்வது தம்பிக்கு நல்லது. தான் கணக்குப் போட்டுவைத்த விலையை ஒரு தாளில் முன்கூட்டியே எழுதிப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்தில் நண்பர்கள் உட்கார்ந்து ‘இன்னும் ஒரு நூறு கேள்’ என்று தட்டிக்கொடுக்கும்போது அந்தத் தாள் உதவும்.

கடைசியாக, தன்னையே யாராவது எடுத்தால் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் விதி அந்தக் கிளப்பில் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இருந்து, தம்பியும் ஆடுகிறார் என்றால், வேறு யாரையும் கேட்காமல் அந்தப் பாதியை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும். அந்த அறையில் அவர் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கும் ஆட்டக்காரர் அவர்தானே.